வளரும் பகுதிகளுக்கான கணினிப் பாடத்திட்டம்: நான்கு வழிகளும் என் ஓட்டும்

புதிதாகக் கணினித் துறை தொடங்கும் ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர்கள் ஆறேழு பேர். அதில் முனைவர் பட்டம் முடித்தவர் ஒருவரோ இருவரோ. லேபில் 40 கணினி. எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் நாலைந்து படுத்திருக்கும். மின்சாரம் சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும். இணைய இணைப்பு உண்டு, ஆனால் எல்லோரும் சேர்ந்து தொட்டால் திணறும். சேருகிற பிள்ளைகள் கைபேசியில் கெட்டிக்காரர்கள். விசைப்பலகையை முதல் செமஸ்டரில்தான் தொடுகிறார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று எங்கே போனாலும் தலைநகரை விட்டுத் தள்ளியிருக்கும் துறைகளின் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

இப்படிப்பட்ட துறையில் பாடத்திட்டக் குழு கூடினால் நான்கு யோசனைகள் மேசைக்கு வரும். உலகம் ஒப்புக்கொண்ட பாடத்திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்வோம் என்பார் ஒருவர். வேலை கொடுக்கிறவர்கள் கேட்பதை நடத்துவோம், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும் என்பார் இன்னொருவர். நம் பகுதியின் பிரச்சினைகளை மையமாக வைத்துக் கட்டுவோம் என்பது மூன்றாவது. நல்ல ஆசிரியர்கள் நடத்திய பாடங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, அதை எடுத்துக்கொள்வோம் என்பது நான்காவது.

கடைசியில் என்ன நடக்கும்? முதலாவதை முழுசாக எடுத்துக்கொண்டு, எட்டாவது செமஸ்டரில் ‘கணினியும் சமூகமும்’ என்று ஒரு தாளை ஒட்டுவார்கள். எல்லோருக்கும் திருப்தி. இருப்பதிலேயே மோசமான முடிவு இதுதான் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்வதற்கு முன் நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

உலகச் சட்டகத்தை எடுத்துக்கொள்வது

கணினிப் பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்க்கும் ஆவணம் ஒன்று உண்டு. ஏசிஎம் என்ற கணினியாளர் சங்கம் 1968-ல் முதல் பரிந்துரையை வெளியிட்டது. 1978-ல் அடுத்தது. பிறகு ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் கணினிச் சங்கமும் சேர்ந்துகொள்ள 1991, 2001, 2013, 2023 என்று ஏறக்குறையப் பத்தாண்டுக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறார்கள். 2023 பதிப்பில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களின் ஏஏஏஐ அமைப்பும் கூட்டாளி.

இது பணக்கார நாடுகளுக்குத்தான் சரிப்படும், நம்மால் தாங்க முடியாது என்று சொல்வது வழக்கம். சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆவணத்தைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். 2013 பதிப்பில் 18 அறிவுப் பகுதிகள் இருக்கின்றன. கண்டிப்பாக நடத்த வேண்டிய முதல் அடுக்கு 165 வகுப்பு மணி. இரண்டாம் அடுக்கு 143 மணி. அதிலும் குறைந்தது 80 விழுக்காடு நடத்தினால் போதும். இரண்டையும் முழுசாகக் கூட்டினாலே 308 மணிதான். லேபும் வீட்டில் படிப்பதும் இதில் சேராது, சரி. ஆனாலும் ஒரு தாளுக்கு 40 வகுப்பு மணி என்று வைத்தால் எட்டுத் தாளுக்குள் முடிந்துவிடுகிறது. நான்கு ஆண்டுப் படிப்பில் மற்ற தாள்கள் எல்லாம் துறையின் கையில். பயமுறுத்துவது இந்தச் சட்டகம் அல்ல. அதைப் பார்த்து வசதியான பல்கலைக்கழகங்கள் போட்ட பாடத்திட்டங்கள். நாம் காப்பியடிப்பது பெரும்பாலும் அவற்றைத்தான்.

இந்த வழியின் பலம் வெளியே போகும்போது தெரியும். மேற்படிப்புக்கு வேறு நாட்டுக்குப் போகிற மாணவர் ‘அல்காரிதம் படித்திருக்கிறேன்’ என்றால் எல்லோருக்கும் ஒரே பொருள். கணினிப் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்காக 2008-ல் உருவான சியோல் உடன்படிக்கை போன்றவற்றுக்கும் இந்தப் பொதுப் பேச்சு உதவுகிறது. பாடநூல் கிடைக்கும், கேள்வித்தாள் கிடைக்கும், புதிதாக வரும் ஆசிரியரும் திகைக்க மாட்டார்.

பலவீனம் எழுதப்பட்டதில் இல்லை, எழுதாமல் விட்டதில் இருக்கிறது. மாணவரிடம் சொந்தக் கணினி இருக்கும், இணையம் அறாது, பள்ளிக் கணக்கு உறுதியாக இருக்கும் என்பதையெல்லாம் பாடநூல்கள் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன. கணக்கு அடித்தளம் ஆடுகிற வகுப்பில் அல்காரிதம் தாளை நடத்தினால் என்ன ஆகும் என்று எல்லா ஆசிரியருக்கும் தெரியும்: நிரூபணம் மனப்பாடமாகும், மனப்பாடம் மதிப்பெண்ணாகும். முதல் செமஸ்டரில் தனிநிலைக் கணிதத்தையும் விசைப்பலகைப் பழக்கத்தையும் நிதானமாகக் கொடுக்காமல் இந்த வழியில் இறங்கினால் மூன்றாவது செமஸ்டரில் வகுப்பு இரண்டாகப் பிளந்துவிடும்.

யுனெஸ்கோவுக்காக ஐஎஃப்ஐபி என்ற பன்னாட்டுத் தகவலியல் கூட்டமைப்பு 2000-ல் ஒரு சட்டகம் தயாரித்தது. அது வேறு வாசல் வழியாக நுழைகிறது: என்னென்ன பாடம் என்று பட்டியல் போடுவதற்கு முன், படித்து முடித்தவர் எந்தப் பாத்திரத்தில் வேலை செய்வார் என்று கேள். வளம் குறைந்த இடங்களுக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பொருத்தம். ஆனால் ஏசிஎம் பெயருக்கு இருக்கிற கவர்ச்சி இதற்கு இல்லை என்பதால் குழுக் கூட்டங்களில் இதை யாரும் எடுப்பதில்லை.

வேலைச் சந்தை கேட்பதைக் கொடுப்பது

‘வேலை கிடைக்குமா?’ என்பதை அற்பக் கேள்வியாக நினைக்கும் பேராசிரியர்கள் உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. அதனால் இந்த வழியை நான் ஏளனம் செய்ய மாட்டேன்.

நல்ல முன்மாதிரிகளும் இருக்கின்றன. 1997-ல் தொடங்கிய சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி ஒரு நிறுவனத்தின் பொருளைச் சார்ந்ததுதான். ஆனாலும் அது இரண்டு காரியத்தைச் சரியாகச் செய்தது. மாணவருக்கு முன்னால் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தது. பாக்கெட் டிரேசர் என்ற பாவனை மென்பொருளைக் கொடுத்து, ரவுட்டர் வாங்கக் காசில்லாத கல்லூரியிலும் நெட்வொர்க் லேப் நடத்த வழிசெய்தது. தரம் குறையாமல் செலவைக் குறைக்க முடியும் என்பதற்கு இது நல்ல பாடம்.

சிக்கல் ஆயுளில். இணையச் செயலி கட்ட உதவும் ஆங்குலர்ஜேஎஸ் 2010-ல் வந்தது, 2021 முடிவோடு அதற்கான ஆதரவு நின்றது. இணையப் பக்கங்களில் அசைவூட்டமும் விளையாட்டும் ஓட்டிய ஃபிளாஷின் கதை 2020 டிசம்பர் 31-ல் முடிந்தது. இரண்டுமே ஒரு காலத்தில் எங்கும் கேட்கப்பட்ட திறமைகள். பாடத்திட்டத்தில் ஒரு கருவியின் பெயரை எழுதி, குழு ஒப்புதல் வாங்கி, கல்விக் குழுவுக்கு அனுப்பி, முதல் அணி அந்தத் தாளை எழுதி முடிப்பதற்குள் மூன்று நான்கு ஆண்டு ஓடிவிடும். ஒப்புதல் வேகமும் சந்தை வேகமும் ஒருநாளும் பொருந்தாது. எனவே கருவியின் பெயர் பாடத்திட்டத்தில் வரவே கூடாது, லேப் கையேட்டில் வந்தால் போதும். ஆசிரியர் அதை அடுத்த வாரமே மாற்றிக்கொள்வார்.

இன்னொன்று, ‘சந்தை’ என்றதும் எல்லோர் மனதிலும் வருவது தொலைவில் இருக்கும் மென்பொருள் ஏற்றுமதி நிறுவனம். அந்தப் பகுதியிலேயே ஆள் தேடுகிறவர்கள் யார்? மருத்துவமனை, கூட்டுறவு வங்கி, மாவட்ட அலுவலகம், தொலைபேசி நிறுவனம், தொண்டு நிறுவனம். இவர்கள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருவதில்லை. அதனால் குழுவின் கணக்கிலும் வருவதில்லை. தொடக்க நிலை நிரலெழுத்து வேலையில் பெரும்பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தரத் தொடங்கிய பிறகு, ஏற்றுமதி நிறுவனத்தின் நுழைவாயிலை மட்டும் நம்பிப் பாடத்திட்டம் போடுவது முன்பைவிட ஆபத்தானது.

நம் பகுதியின் பிரச்சினையிலிருந்து தொடங்குவது

இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. ஏமாறவும் நிறைய இருக்கிறது.

முதலில் ஏமாற்றம். வளரும் நாடுகளில் எந்தக் கணினித் துறையின் புராஜெக்ட் கண்காட்சிக்குப் போனாலும் ‘விவசாயிகளுக்கான செயலி’ ஒன்று நிற்கும். மானியத் தகவல், சந்தை விலை, வானிலை, ஒரு பச்சை நிற முகப்பு. ஒரு விவசாயியும் அதைத் தொட்டதில்லை, அடுத்த ஆண்டு அது இருக்கப் போவதுமில்லை. பிரச்சினையைத் தேர்ந்தெடுத்தது பிழையில்லை. நான்கு மாதத்தில் தொடங்கி முடிந்துவிடும் ஒன்றாக அதை நினைத்ததுதான் பிழை.

நீடித்ததற்கு எடுத்துக்காட்டு டிஎச்ஐஎஸ்-2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருள். நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில், சிதறிக் கிடந்த சுகாதாரப் புள்ளிவிவரங்களை மாவட்ட அளவில் ஒன்றுசேர்க்கத் தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கிய முயற்சி அது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அதில் ஆரம்பத்திலிருந்தே இருந்தார்கள். முதலில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் செய்யப்பட்ட சாதாரண டேட்டாபேஸ். பிறகு இணையத்தில் ஓடும் இரண்டாம் பதிப்பு வந்தது. அது முதலில் களமிறங்கியது 2006-ல், கேரளத்தில். இன்று 70-க்கு மேற்பட்ட நாடுகளில் சுகாதாரத் தகவலுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். இதில் பாடத்திட்டக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பல நாட்டு முதுகலை, முனைவர் மாணவர்கள் இந்த ஒரே மென்பொருளின் மேல் ஆண்டுக்கணக்காக வேலை செய்தார்கள். ஒரு மாணவர் போனதும் வேலை நிற்கவில்லை, அடுத்தவர் அங்கிருந்து தொடங்கினார்.

கியூபா இன்னும் தூரம் போனது. ஹவானாவுக்கு வெளியே, ரஷ்யர்கள் விட்டுச்சென்ற உளவு நிலைய வளாகத்தில் 2002-ல் தகவலியல் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே படிப்பும் மென்பொருள் உற்பத்தியும் ஒன்றாகவே நடக்கும்படி திட்டமிட்டார்கள். மாணவர்கள் படிக்கும்போதே உண்மையான புராஜெக்ட்களில் வேலை செய்கிறார்கள். நோவா என்ற லினக்ஸ் பதிப்பு அங்கிருந்து வந்தது. அமெரிக்கத் தடையால் வணிக மென்பொருள் கைக்கு எட்டாத நாட்டுக்கு இது கட்டாயமும்கூட. இந்த முறையை மற்றவர்கள் அப்படியே எடுக்க முடியாது: அரசே முதலாளி, அரசே வாடிக்கையாளர், அரசே பல்கலைக்கழகம் என்று இருந்தால்தான் இவ்வளவு நெருக்கமாகக் கட்ட முடியும். வேறு இடங்களில் உற்பத்தி படிப்பை விழுங்கிவிடும். மாணவர் மலிவான தொழிலாளி ஆகிவிடுவார்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு வெனிசுவேலாவின் மேரிதா. ஆண்டிஸ் மலைக்குள் இருக்கும் ஊர். அங்கிருந்த பேராசிரியர் எர்மான்னோ பியத்ரோசெமோலியும் நண்பர்களும் 2007-ல் சாதாரண வைஃபை ரவுட்டர்களை வைத்து, இரண்டு மலைச் சிகரங்களுக்கு நடுவே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு இணைப்புக் கொடுத்துக் காட்டினார்கள். வீட்டுக்குள் நான்கு சுவர் தாண்டத் திணறும் அதே வைஃபை.

அலைவாங்கியைப் பெரிதாக்கினால் மட்டும் இது நடக்காது. வைஃபையில் ஒரு பொட்டலத் தரவை அனுப்பியவர், ‘வந்துசேர்ந்தது’ என்ற பதில் வரும்வரை கொஞ்ச நேரம் காத்திருப்பார். வராவிட்டால் தொலைந்துபோனதாக நினைத்து மறுபடி அனுப்புவார். அந்தக் காத்திருப்பு நேரம் மைக்ரோ நொடிகளில் (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளக்கும் அளவு. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அது தாராளம். 382 கிலோமீட்டரை ஒளி கடக்கவே 1,270 மைக்ரோ நொடி ஆகும், பதில் திரும்ப இன்னொரு 1,270. தரவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாலும் அனுப்பியவர் அதற்குள் நம்பிக்கை இழந்து மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருப்பார். இணைப்பு இருக்கும், வேகம் இருக்காது. காத்திருப்பு நேரத்தை மாற்ற வேண்டும். இன்னும் நல்லது, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி, இதைக் கவனிக்கும் வைஃபை மென்பொருள் அடுக்கையே மாற்றி எழுதுவது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டியர் (TIER) ஆய்வுக் குழு எழுதிய அப்படியொரு மென்பொருளைப் போட்டதும் அதே இணைப்பில் ஒவ்வொரு திசையிலும் நொடிக்குச் சுமார் 3 மெகாபிட் கிடைத்தது.

அதே குழுவின் இதே நுட்பம்தான் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றியுள்ள கிராமக் கண் மையங்களையும் இணைத்தது. மருத்துவர் ஊரை விட்டுப் போகாமல் வீடியோவில் நோயாளியைப் பார்த்தார். அங்கே அவர்கள் எழுதிவைத்த அனுபவம் இன்னும் சுவையானது: ரேடியோவைவிட அதிகத் தொல்லை கொடுத்தது மின்சாரம். போய்ப் போய் வருவது மட்டுமல்ல. வரும்போது அது வருகிற தரம். மின்னழுத்தம் எகிறிக் கருவிகளைச் சுட்டது, தாழ்ந்து போய்க் கருவிகளை அரைகுறையாக எழுப்பித் தொங்கவிட்டது.

இந்தக் கதையை விரிவாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ‘நம் பகுதிக்கு எளிமையான, நடைமுறைப் பாடம் போதும், கோட்பாடு வேண்டாம்’ என்பது மூன்றாம் வழிக்காரர்களின் வழக்கமான பேச்சு. மேரிதாவும் தேனியும் அதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. வசதியான இடத்தில் இருப்பவர் வைஃபையின் உள்ளடுக்கைத் தெரியாமலே வாழ்ந்துவிடலாம். பெட்டியை வாங்கி மாட்டினால் ஓடும். பெட்டியை வடிவமைத்தவர் நினைத்துப் பார்க்காத இடத்தில் வாழ்கிறவருக்குத்தான் உள்ளடுக்கு தெரிந்திருக்க வேண்டும். வளம் குறைந்த பகுதிக்கு அடிப்படை குறைவாக அல்ல, கூடுதலாகவே தேவை.

பாடத்தை இணையத்திலிருந்து எடுப்பது

எம்ஐடி தன் பாடப்பொருட்களைத் திறந்துவிடப் போவதாக 2001-ல் அறிவித்தது. இந்தியாவின் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்த என்பிடெல் 2003-ல் தொடங்கியது. இன்று ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கோ கம்பைலருக்கோ நல்ல விரிவுரை தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. ஆளில்லாத தாளுக்கு இது உயிர் காக்கும். ஆசிரியர் வீடியோவை வகுப்பில் ஓடவிட்டுப் பாதியில் நிறுத்தி, கேள்வி கேட்டு, கணக்குப் போடவைத்தால் நன்றாகவே வேலை செய்கிறது. ‘வீட்டில் பார்த்துக்கொள்’ என்றால் செய்வதில்லை. வீட்டில் தரவுக் கட்டணம் யார் கட்டுவது?

லேபில் ஒரு சின்னக் கணக்கு. இணையச் செயலி பயிற்சிக்காக 40 மாணவர்கள் ஒரே நேரத்தில் நிரல் தொகுப்புகளை இறக்குகிறார்கள், ஆளுக்கு 200 மெகாபைட். மொத்தம் 8 கிகாபைட். இணைப்பு நொடிக்கு 10 மெகாபிட் என்றால், வேறு யாரும் தொடாவிட்டாலும் 6,400 நொடி, அதாவது ஒன்றேமுக்கால் மணி நேரம். லேப் வகுப்பு முடிந்துவிட்டது. இதே தொகுப்புகளை லேபிலேயே ஒரு பழைய சர்வரில் நகலெடுத்து வைத்திருந்தால் சில நிமிட வேலை. டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பின் மென்பொருள் களஞ்சியம், பைதான் நூலகங்கள், இணையமில்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் வழியாக விக்கிப்பீடியா, என்பிடெல் வீடியோ எல்லாம் இப்படி உள்ளே இருக்கலாம். அந்த சர்வரைக் கட்டிப் பராமரிப்பதையே மூன்றாம் ஆண்டு மாணவர்களின் லேபாக வைத்துவிடலாம். பாடத்திட்டத்தோடு இதற்கான பணத்தையும் ஆளையும் சேர்த்து எழுதாத குழு, பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறது.

தனியாக நான்காம் வழி ஒரு பாடத்திட்டம் ஆகாது. அது சரக்கு, சமையல் அல்ல.

என் ஓட்டு

சட்டகத்திலிருந்து எட்டு அல்லது ஒன்பது அடிப்படைத் தாள்களை எடுங்கள். குறைக்காமல், மெதுவாக, ஆழமாக நடத்துங்கள். மூன்றாம் வழியைத் தனித் தாளாக ஒட்டாமல், இந்தத் தாள்களுக்குள்ளேயே எடுத்துக்காட்டாகவும் லேப் பயிற்சியாகவும் நுழைத்துவிடுங்கள். வட்டாரப் பொருத்தம் தாளின் தலைப்பில் இருக்க வேண்டியதில்லை, அதற்குள் கேட்கப்படும் கேள்வியில் இருந்தால் போதும். எப்படி என்று காட்டுகிறேன்.

தரவைக் கணினி எப்படிச் சேமிக்கிறது என்பது முதலாண்டுப் பாடம். வழக்கமாக ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையோடு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு குறுஞ்செய்தியைக் கொடுங்கள். ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட் இடம். ஆங்கில எழுத்துகள் ஏழு பிட்டில் அடங்குவதால் 160 எழுத்து போகும். தமிழோ வங்காளமோ அம்ஹாரிக்கோ என்றால் ஒரு குறியீட்டுக்கு 16 பிட்; 70-தான் போகும். நீளமான செய்தியைப் பிரித்து அனுப்பினால் தலைப்புத் தகவலுக்கும் இடம் போய், ஒவ்வொரு துண்டிலும் 67. தடுப்பூசி நினைவூட்டல் ஒன்று 150 குறியீடு நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்தி, தமிழில் மூன்று. ஒரு லட்சம் தாய்மாருக்கு அனுப்பினால் சுகாதாரத் துறை கட்ட வேண்டியது ஒரு லட்சம் செய்திக்கா, மூன்று லட்சம் செய்திக்கா? ‘கொ’ என்று கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவது ஏன் இரண்டு குறியீடாக எண்ணப்படுகிறது? இந்த ஒரு லேபில் பிட், பைட், யூனிகோட், செலவு எல்லாம் வந்துவிட்டன. பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

டேட்டாபேஸ் தாளில் வங்கிக் கணக்கு உதாரணம் சலித்துப்போன ஒன்று. இரண்டு சுகாதாரப் பணியாளர்கள் இணையம் இல்லாத இரண்டு கிராமங்களில் ஒரே குழந்தையின் பதிவைத் தங்கள் கைக்கணினியில் திருத்துகிறார்கள். மாலையில் இருவரும் இணைப்புக்குள் வருகிறார்கள். யாருடைய திருத்தம் நிற்கும்? ‘கடைசியாக எழுதியவருடையது’ என்று மாணவர் உடனே சொல்வார். ஒரு கருவியின் மின்கலம் செத்து அதன் கடிகாரம், பல கணினிகள் காலத்தை எண்ணத் தொடங்கும் 1970-க்குப் போயிருந்தால்? இங்கிருந்து நேராகக் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978-ல் எழுதிய கடிகாரக் கட்டுரைக்குப் போகலாம். நேரத்தை நம்ப முடியாத இடத்தில் எது முன், எது பின் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அதன் பொருள். உயர்கல்வியில் மட்டும் வரும் கட்டுரை என்று ஒதுக்கப்படுகிற அது, இந்த மாணவருக்கு நாளை அலுவலகத்தில் காத்திருக்கும் சிக்கல்.

அதே மாதிரிதான் எம்-பெசா. 2007-ல் கென்யாவில் சஃபாரிகாம் தொடங்கிய பணப் பரிமாற்றம் அது. சாதாரணக் கைபேசியின் சிம் அட்டையில் வரும் மெனுவும் குறுஞ்செய்தியும் போதும். செய்தி தாமதமாகலாம், பொறுமையிழந்த பயனர் மறுபடி அனுப்பலாம். பணம் இரண்டு தடவை போகக் கூடாது. ஒரே கோரிக்கை எத்தனை முறை வந்தாலும் விளைவு ஒன்றாக இருக்கும்படி எழுதுவது எப்படி? அப்புறம் ஆபரேட்டிங் சிஸ்டம் தாள்: கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது மெய்நிகர் கணினியின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, எது மிஞ்சியது என்று பார்க்கச் சொல்லுங்கள். செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துவைத்துக்கொள்ளும் ‘ஜர்னல்’ கோப்பு முறைமை ஏன் பிறந்தது என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது. மின்வெட்டைப் பற்றி இந்த மாணவர்களுக்குப் பாடம் எடுக்கவே தேவையில்லை; வேறு எந்த ஊர் மாணவரைவிடவும் அவர்களுக்கு அது பழக்கம்.

எட்டாவது செமஸ்டர் ஒட்டுத் தாளை ஏன் மோசம் என்றேன் என்பது இப்போது தெரிந்திருக்கும். தங்கள் பகுதி ‘சமூகம்’ என்ற தலைப்பில் வருகிற விஷயம், உண்மையான கணினியியல் வேறெங்கோ நடக்கிறது என்று அந்தத் தாள் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

எந்தப் பட்டம், எத்தனை பேர்

கணினிக் கல்வி ஒரே பட்டம் அல்ல. 2005-ல் வந்த ஏசிஎம் கூட்டு அறிக்கை கணினிப் பொறியியல், கணினி அறிவியல், தகவல் முறைமைகள், தகவல் தொழில்நுட்பம், மென்பொருள் பொறியியல் என்று ஐந்தாகப் பிரித்தது. 2020 அறிக்கையில் இணையப் பாதுகாப்பும் தரவு அறிவியலும் சேர்ந்தன. ஆறேழு ஆசிரியர்களை வைத்துக்கொண்டு இவற்றில் மூன்றைத் தொடங்கும் துறைகள் உண்டு. சேர்க்கைக்குப் பெயர்ப்பலகை உதவுகிறது. வேண்டவே வேண்டாம். மருத்துவமனையும் மாவட்ட அலுவலகமும் உண்மையில் தேடுவது தகவல் முறைமைகள் படித்தவரைத்தான், ஆனால் அந்தப் பெயருக்கு மாணவர் வரமாட்டார். கணினி அறிவியல் என்ற ஒரே பட்டத்தை வைத்துக்கொண்டு விருப்பத் தாள்களில் தகவல் முறைமைகளைக் கொண்டுவருவது நேர்மையான சமரசம்.

ஆசிரியர் எண்ணிக்கை நான்குக்குக் கீழே என்றால் என் ஓட்டும் மாறும். அப்போது நான்காம் வழி தவிர்க்க முடியாது: பாதி அடிப்படைத் தாள்களைப் பதிவு செய்த விரிவுரையோடு நடத்தி, இருக்கிற ஆசிரியர்களை லேபிலும் கணக்கு வகுப்பிலும் நிறுத்துங்கள். விரிவுரைக்கு மாற்று உண்டு, தோளருகே நின்று பிழை திருத்தித் தரும் ஆளுக்கு மாற்று இல்லை. சுற்றுவட்டாரத்தில் பெரிய மென்பொருள் நிறுவனம் உண்மையிலேயே இருந்தால் இரண்டாம் வழிக்குக் கூடுதல் இடம் கொடுக்கலாம், ஆறாவது செமஸ்டருக்குப் பிறகு. பயிற்று மொழியைப் பொறுத்தவரை, பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தாலும் லேபில் பேச்சு தாய்மொழியில் நடக்கட்டும். இதற்கு யாருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை.

கடைசியாக, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதைக் கவிழ்க்கக்கூடிய ஒன்று: தேர்வு. மூன்று மணி நேரம் பேனாவால் நிரல் எழுதவைக்கும் கேள்வித்தாள் மாறாமல் இருந்தால், மேலே சொன்ன குறுஞ்செய்திக் கணக்கும் கடிகாரச் சிக்கலும் ‘சிலபஸுக்கு வெளியே’ என்று மாணவராலேயே ஒதுக்கப்படும். அதனால் பாடத்திட்ட வரைவோடு நான்கு மாதிரிக் கேள்வித்தாள்களும் சேர்ந்து வராவிட்டால் குழு அதை எடுத்துக்கொள்ளவே கூடாது. புராஜெக்டுக்கும் மதிப்பெண் பிரிப்பை மாற்ற வேண்டும். ஒரு மருத்துவமனையோடோ கூட்டுறவு வங்கியோடோ ஐந்தாண்டுக்குக் குறையாமல் ஒப்பந்தம் போட்டு, ஒவ்வொரு அணியும் முந்தைய அணியின் நிரலிலிருந்தே தொடங்கட்டும். புதிதாகச் சேர்த்ததற்குப் பாதி மதிப்பெண். முந்தைய அணி விட்டுப்போன பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியதற்குக் கால்பங்கு. மீதிக் கால்பங்கை இறுதிநாள் அன்று கொடுக்காமல் நிறுத்திவைத்து, அடுத்த அணி இந்த நிரலைத் திறந்து, யாரையும் கேட்காமல் ஒரு வாரத்தில் ஓட்டிக் காட்டினால் முந்தையவர்களுக்குக் கொடுங்கள். பதிவாளர் அலுவலகம் இதற்கு முதலில் ஒத்துக்கொள்ளாது. ஏழாவது செமஸ்டரில் கட்டி எட்டாவதில் கைமாற்றுவதாக அட்டவணையை அமைத்தால் பட்டமளிப்புக்கு முன்பே மதிப்பெண் போய்ச் சேர்ந்துவிடும்.